கண்ணாடியும் உலோகமும் இயைந்த பழந்தட்டு: அடையாளங் காணும் முறை

1. கட்டுரையின் நோக்கம்

தொண்டை நாட்டுப் பழம்பதிகளுள் ஒன்று திருமழிசை. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் பெருவழியில் அமைந்த இவ்வூர், திருமழிசையாழ்வார் தோன்றிய தலமாதலின் வைணவ உலகில் பெரும்புகழ் உடையது. சகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டேசுவரர் கோயிலும் இவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. இத்தகைய ஊர்களில் பழைய வீடொன்றைப் பிரிக்கும்போது பரணிலிருந்தோ மரப்பெட்டியிலிருந்தோ வெளிப்படும் கலங்களுள் சில, காண்பவரை மயங்கச் செய்வன. அவற்றுள் ஒரு வகையே இக்கட்டுரையின் பொருள்: கண்ணாடியாலான அகலும், அதனைத் தாங்கும் உலோகச் சட்டமும், கைப்பிடியும், சிலபோது மூடியும் கொண்ட தட்டு.

இங்கு ஆராயப்படுவது தனியொரு கலம் அன்று. கலத்தின் வகையே ஆகும். அத்தகைய தட்டு ஒன்று திருமழிசையில் கிடைப்பதாகக் கொள்வோம். வீட்டார் அதனை ‘நவாபு காலத்துத் தட்டு’ எனக் கூறலாம். நூலறிவுடைய நண்பர் ஒருவர், அரிக்கமேட்டை நினைவிற் கொண்டு ‘யவனர் கலம்’ எனலாம். பழம்பொருள் வணிகர் ‘வெள்ளி’ என்றோ ‘வெறும் பித்தளை’ என்றோ தம் நலத்திற்கேற்பக் கூறலாம். இம்மூன்றும் பெயர்களேயன்றிச் சான்றுகள் அல்ல. கலத்தின் பெயர் அதன் பொருளையும் காலத்தையும் உறுதி செய்யாது என்பதும், கண்ணாடியும் உலோகமும் கூடும் பொருத்துவாயே அதன் வரலாற்றைத் தெளிவாக உரைக்கும் என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

இத்தகைய தட்டு இவ்வூருக்கு வந்திருக்கக்கூடிய வழியும் எளிதில் விளங்குவதே. அண்மையிலுள்ள பூவிருந்தவல்லி, கும்பினியார் காலத்திலும் அதன் பின்னரும் ஐரோப்பியப் படையினர் தங்கிய பாசறையூராக விளங்கியது. பணி மாற்றம் பெற்றோ தாயகம் திரும்பியோ செல்வோர் தம் வீட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்றுச் செல்வது அக்கால வழக்கம். சென்னையிலோ பி. ஆர் அண்டு சன்ஸ் முதலிய நிறுவனங்கள் வெள்ளிக் கலங்களையும் கடிகாரங்களையும் விற்றன. ஆதலின் சீமைக் கலம் ஒன்று தமிழ்க் குடும்பத்தின் பரணை அடைந்தது வியப்பன்று.

2. பெயரால் விளையும் மயக்கம்

இன்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்களையே முதற்கண் நோக்குவோம். ‘எவர்சில்வர்’ என்பதில் வெள்ளி இல்லை; அது துருவேறா எஃகு. ‘ஜெர்மன் சில்வர்’ என்பதிலும் வெள்ளி இல்லை. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை. இரசம் வைக்கும் ‘ஈயச் சொம்பு’ காரீயத்தால் ஆனதன்று, வெள்ளீயத்தால் ஆனது. ‘கிளாஸ்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் கண்ணாடியைக் குறிப்பது. நாமோ ‘எவர்சில்வர் கிளாஸ்’ என்று தயக்கமின்றிச் சொல்லுகிறோம். பொருளின் பெயராய் வந்த சொல் வடிவின் பெயராய் மாறிவிட்டது.

பழந்தமிழிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ‘கண்ணாடி’ என்னும் சொல் முற்காலத்தில் முகம் பார்க்கும் கருவியையே குறித்தது. அக்கருவி உலோகத்தை மெருகேற்றிச் செய்யப்பட்டது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஆடியில் தோன்றும் பாவையை உவமை கூறுகின்றார். அந்த ‘ஆடி’யை இன்றைய இரசம் பூசிய கண்ணாடி எனக் கொள்ளுதல் பொருந்தாது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை வார்த்து மெருகேற்றும் அத்தொழில் கேரளத்து ஆறன்முளையில் இன்றும் வாழ்கின்றது. ஆங்கு அப்பொருளுக்குக் ‘கண்ணாடி’ என்பதே பெயர். இவ்வாறு ஒரு காலத்தில் உலோகத்தாலான கருவிக்கு வழங்கிய சொல், பிற்காலத்தில் ஒளி ஊடுருவும் பொருளுக்கு ஆயிற்று.

‘பளிங்கு’ என்பதும் அத்தகையதே. திருக்குறளின் 706ஆம் குறள் அடுத்திருப்பதன் நிறத்தைத் தன்னுள் காட்டும் பொருளாகப் பளிங்கினைக் கூறுகின்றது. அது படிகக் கல். இன்றைய வழக்கிலோ பளிங்கு என்பது தளத்திற் பதிக்கும் சலவைக்கல். ‘பீங்கான்’ என்னும் சொல் பாரசீகத்தில் கிண்ணத்தின் பெயராய் நின்று, தமிழில் வெண்களிமண்ணாற் செய்து சுட்ட பொருளின் பெயராயிற்று. ஆங்கு வடிவப் பெயர் பொருட்பெயர் ஆயிற்று; ‘கிளாஸ்’ என்பதிலோ பொருட்பெயர் வடிவப் பெயர் ஆயிற்று. மாற்றம் இருதிசையிலும் நிகழ்தல் காண்க.

‘வட்டில்’ என்பது உண்கலத்தையும் கிண்ணத்தையும் குறிக்கும். காலம் அளக்கும் கருவி ‘நாழிகை வட்டில்’ எனப்பட்டது. வைணவக் கோயில் வழிபாட்டில் நீர் சமர்ப்பிக்கும் கலங்களும் வட்டில்களே. பொன், வெள்ளி, செம்பு, பித்தளை ஆகிய யாதானும் ஒன்றால் அது ஆகலாம். ஆதலின் ஓர் ஆவணத்தில் ‘கண்ணாடி’ என்றும் ‘வட்டில்’ என்றும் வருவது கொண்டு, அக்காலத்தே கண்ணாடியாலான உண்கலம் வழங்கிற்று என முடிவு கட்டுதல் பிழையாம். கலத்தைத் தவறாக அடையாளங் கண்டவர் சொல்லுக்கும் தவறாகப் பொருள் எழுதுவர். அப்பிழை அகராதியில் ஏறின் பின்வருவோர் பலரையும் வழிதவறச் செய்யும். இவ்வாய்வு தமிழாய்வாளர்க்கு உரியதாவது இதனாலேயே.

3. பண்டைக் கண்ணாடிக் கலங்களோடு ஒப்பீடு

‘யவனர் கலம்’ என்னும் கருத்தை முதலில் ஆராய்வோம். பண்டைத் தமிழகத்தில் கண்ணாடி இருந்தது உண்மை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், அதன்பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நிகழ்த்தினர். ஆங்குக் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உள்துளையுடைய நீண்ட குழலாக இழுத்து, அதனைத் துண்டு துண்டாக நறுக்கி மணிகளாக்கும் தொழில் ஆங்குச் சிறந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், சேர நாட்டுத் துறைகளில் இறக்குமதியான பொருள்களுள் உருச்செய்யப்படாத கண்ணாடியையும் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றையும் ஒருங்கே கூறுகின்றது. விலாவெலும்பு போன்ற புடைப்புகளையுடைய உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும், 2007 முதல் அகழப்பட்ட கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்துள்ளன.

ஆயினும் இவை யாவும் மண்ணடுக்குகளிலிருந்து பெற்ற உடைசல்கள் என்பதை மறத்தலாகாது. நெடுங்காலம் மண்ணிற் புதைந்த கண்ணாடியின் மேற்பரப்பு ஈரத்தால் அரிக்கப்பட்டு, மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, வானவில் போன்ற பன்னிற மினுக்கம் பெறுதல் இயல்பு. பரணிலிருந்து எடுத்துத் துடைத்தவுடன் தெளிந்து ஒளிரும் முழுக்கலம் ஒன்றைப் பதினெட்டு நூற்றாண்டுகட்கு முன்னர்க் கொண்டு செல்வதற்கு மிக வலிய சான்று வேண்டும்.

உலோகக் கலங்களைப் பொறுத்தவரை நம் பழமை இன்னும் பெரிது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், பின்னர் அலெக்சாந்தர் இரீயும் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்கள் உலகறிந்தவை. அவ்விடத்தும் உலோகச் சட்டத்துள் கண்ணாடி அகலைப் பொருத்திய தட்டு என்னும் அமைப்பு இல்லை. கண்ணாடியும் உலோகமும் தனித்தனியே தொன்மையுடையன. அவ்விரண்டையும் இவ்வாறு இணைத்த உண்கலம் தொன்மையுடையது ஆகாது.

4. இணைப்பின் காரணம்

இவ்விணைப்பு ஏன் தோன்றிற்று என்று வினவின், விடை நம் அடுக்களையிலேயே கிடைக்கும். பித்தளைக் கலத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும். புளியின் அமிலம் செம்பைக் கரைத்தலே அதன் காரணம். அதனாலன்றோ பித்தளைப் பாத்திரங்களை நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உட்புறம் முழுவதும் வெள்ளீயம் பூசினர்? ஊறுகாயைப் பித்தளையில் இடாது பீங்கான் சாடியிலும் கற்சட்டியிலும் இட்டு வைத்ததும் இதனாலேயே. சீமைப் பண்டமாகிய பீங்கான், ஆசாரம் மிகுந்த வீடுகளிலும் ஊறுகாய்ச் சாடியாக நுழைந்துவிட்டது. உப்பும் புளிப்பும் அதற்கு வழி திறந்தன.

வெள்ளிக்கும் இக்குறை உண்டு. உப்பு வெள்ளியை அரித்துக் கறுப்பாக்கும். ஆதலின் இங்கிலாந்தில் வெள்ளியாலான உப்புக்கிண்ணங்களின் உட்புறத்திற்குப் பொன்முலாம் பூசினர். அன்றேல் நீலக் கண்ணாடியாலான சிறு அகலை உள்ளே வைத்தனர். வெண்ணெய், பழப்பாகு, காடி ஊறிய காய்கள் ஆகியவற்றிற்கும் அவ்வாறே கண்ணாடி அகலும் உலோகச் சட்டமும் கொண்ட தட்டுகள் எழுந்தன. வெள்ளீயப் பூச்சும் கண்ணாடி அகலும் ஒரே தேவைக்கு இருவேறு நாட்டார் கண்ட இருவேறு விடைகள். நம் தட்டின் கண்ணாடி அழகிற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. உணவிற்கும் உலோகத்திற்கும் இடையே நிற்கும் காப்பு அது. ஆதலின் சட்டத்தில் பூவேலைத் துளைகள் இருப்பினும் அது குறைபாடன்று. உணவைத் தாங்குவது அகலே. சட்டம் அகலைத் தாங்குகின்றது.

5. கண்ணாடியின் சான்று

ஒரு நூலின் காலத்தை ஆராய்வோர் மேலெல்லை, கீழெல்லை என இரண்டு வரையறுப்பர். இதற்கு முன்னர்த் தோன்றியிருக்க இயலாது என்பது மேலெல்லை. இதற்குப் பின்னர்த் தோன்றியிருக்க இயலாது என்பது கீழெல்லை. கலத்திற்கும் அம்முறையே ஏற்றது.

அகலின் அடியை முதலில் நோக்குக. ஊதிச் செய்த கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புக்கோலிலிருந்து முறித்தெடுத்த வடு அடியின் நடுவே தழும்பாகவோ, அதனைத் தேய்த்து நீக்கிய குழியாகவோ காணப்படும். அச்சில் இட்டு அழுத்திய கண்ணாடியாயின், அச்சின் பகுதிகள் கூடிய இடங்களில் மெல்லிய வரம்புகள் ஓடும். கண்ணாடியைப் பொறியால் அழுத்தும் முறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்து, அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்திற் பரவியது. ஆதலின் அழுத்தச்சுக் கண்ணாடிக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியே மேலெல்லை.

நிறமும் சான்றாகும். மஞ்சளும் பசுமையும் கலந்த நிறமுடைய அகலை இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ் வைத்து நோக்குக. பச்சை ஒளி பளிச்சென எழுமாயின் அதில் யுரேனியம் கலந்துள்ளது. யுரேனியத்தைக் கிளாப்ரோத்து என்னும் செருமானிய அறிஞர் 1789இல் கண்டறிந்தார். அதனைக் கண்ணாடியிற் கலக்கும் தொழில் 1830களில் பெருகியது. அவ்வொளி எழுந்த அளவிலேயே ‘யவனர்’ கருத்து வீழ்ந்துபடும்.

எடையும் ஒலியும் நோக்கத்தக்கன. இங்கிலாந்தில் இரேவன்சுகிராப்டு என்பார் 1674இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது காரீயக் கண்ணாடி. அது கைக்குக் கனமானது. விரலாற் சுண்டினால் நெடிது ஒலிப்பது. அடிப்புறத்துக் கீறல்களையும் உருப்பெருக்கியால் நோக்குக. நெடுநாட் புழக்கத்தால் நேர்ந்த கீறல்கள் பல திசையிலும் பல ஆழத்திலும் இருக்கும். பழமை தோன்றுமாறு உப்புத்தாளால் இட்டவை பெரும்பாலும் ஒரு திசையவாய் ஓடும்.

6. உலோகத்தின் சான்று

வெள்ளிபோல் தோன்றும் சட்டம் மூவகையினதாகலாம். முதலாவது திண்வெள்ளி. ஆங்கில வெள்ளியாயின் நடக்கும் சிங்கமும், ஊர்க்குறியும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், செய்தோர் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். நங்கூரம் பர்மிங்காமின் குறி. மணிமுடி 1974 வரை செபீல்டின் குறி. இவ்விரண்டும் 1773இல் தொடங்கியவை. வரி செலுத்தியமைக்கு அடையாளமான அரசர் தலை 1784 முதல் 1890 வரை இடப்பட்டது. சென்னையில் அத்தகைய அரசு முத்திரைச்சாலை அக்காலத்தில் இல்லை. ஆதலின் இங்குச் செய்யப்பட்ட வெள்ளியில் செய்தோர் அல்லது விற்றோர் பெயர் மட்டுமே இருத்தல் இயல்பு.

இரண்டாவது செபீல்டுத் தகடு. தாமசு பௌல்சோவர் என்பார் 1743ஆம் ஆண்டளவில் கண்ட முறை இது: செப்புப் பாளத்தின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டினால் ஒன்றச் செய்து, இரண்டையும் சேர்த்தே தகடாக நீட்டுவர். விளிம்புகள் தேயுமிடத்துச் செம்பின் சிவப்பு வெளிப்படும்.

மூன்றாவது மின்முலாம். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். கலத்தை முழுதும் செய்து முடித்த பின்னரே மின்னாற்றலால் வெள்ளி பூசப்படும். இ.பி.என்.எஸ். என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் இருப்பின், அது ஜெர்மன் சில்வரின்மேல் பூசிய மின்முலாம் என்க. இவ்வெழுத்துகளை அலங்காரக் கட்டங்களுள் இட்டு வெள்ளி முத்திரைபோலத் தோன்றச் செய்வது வழக்கமாதலின், கூர்ந்து படித்தல் வேண்டும். பரணிலிருந்து வரும் தட்டுகளில் ‘வெள்ளி’ எனப்படுவன பல இவ்வகையினவே.

இவ்விடத்து இன்னொரு குறியும் கருதத்தக்கது. பிரித்தானிய வடிவப் பதிவகத்தார் 1842 முதல் 1883 வரை, பதிவு செய்த வடிவங்கட்குச் சாய்சதுரக் குறி ஒன்றை வழங்கினர். அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் உரோமானிய எண் இருக்கும்: 1 உலோகத்தையும் 3 கண்ணாடியையும் குறிக்கும். கோணங்களிலுள்ள எழுத்தும் எண்ணும் பதிவின் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைத் தரும். 1884 முதல் சாய்சதுரம் நீங்கித் தொடரெண் வந்தது. கண்ணாடியும் உலோகமும் இயைந்த தட்டில் இரண்டிற்கும் தனித்தனிக் குறிகள் இருக்கக்கூடும். ஒன்றின் நாளை மற்றொன்றிற்கு ஏற்றுதல் ஆகாது. மேலும் அது வடிவம் பதிவான நாளேயன்றிக் கலம் செய்த நாள் அன்று. ஆகவே அது மேலெல்லையே தரும்.

7. பொருத்துவாயின் சான்று

இனிப் பொருத்துவாயை ஆராய்வோம். அகல் சட்டத்தினுள் தளர்வாக அமர்ந்து எடுக்கத்தக்கதாய் இருக்கலாம். சுண்ணச்சாந்து போன்ற பசையால் ஒட்டப்பட்டிருக்கலாம். உலோக விளிம்பை மடித்து இறுக்கியிருக்கலாம். எடுக்கத்தக்கதாயின் அகலும் சட்டமும் ஒன்றற்கொன்று செய்யப்பட்டனவா எனக் காண்க. இடைவெளி எங்கும் ஒத்திருக்கிறதா? நெடுநாள் உராய்ந்த தடம் இரண்டிலும் ஒரே இடத்தில் உள்ளதா? உறுப்புகளைச் சேர்க்குங்கால் மாறிப்போகாதிருக்கத் தொழிலாளர் கீறிய சிற்றெண்கள் பொருந்துகின்றனவா? கண்ணாடி எளிதில் உடைவது. உலோகம் நின்று நிலவுவது. ஆதலின் பழைய சட்டத்துள் புதிய அகல் புகுந்திருத்தல் பலகாலும் நிகழ்வதே. அவ்வாறாயின் கலம் இன்றுள்ள முழுவடிவம் பெற்ற காலம், அதன் உறுப்புகளுள் இளையதன் காலத்திற்கு முற்பட்டதாகாது.

இக்கூர்மை நமக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொற்கலங்களைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர் கூறி, ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்த எடையோடு பதிவு செய்துள்ளன. அணிகலன்களைக் கூறுமிடத்து மணிகளின் வகையும் தொகையும் குறைபாடும் சொல்லப்படுகின்றன. அரக்கு முதலியன எடையில் அடங்கியமையும் குறிக்கப்படுகின்றது. மணியையும் பொன்னையும் சேர்க்கும் அரக்கைக்கூட விடாது கணக்கெழுதியோர், பொருத்துவாயின் அருமையை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

8. தமிழ்ப் பொறிப்பு

தமிழாய்வாளர் மட்டுமே படித்தறியத்தக்க சான்று ஒன்று எஞ்சியுள்ளது. பாத்திரங்களில் உடையவர் பெயரையும் சீர் அளித்தவர் பெயரையும் சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவிப்பது நம் வழக்கம். சீமைத் தட்டின் அடியில் அத்தகைய பொறிப்பு இருப்பின், அது அக்கலத்தின் இரண்டாம் பிறப்பைக் கூறுகின்றது. யாரோ ஓர் ஐரோப்பியர் மேசையில் வெண்ணெய் தாங்கிய தட்டு, தமிழ்க் குடும்பத்தின் சீர்வரிசைப் பொருளாய் மாறிய நாள் அது. பொறிப்பிலுள்ள ஆண்டு உடைமையின் காலமேயன்றிச் செய்ததன் காலம் அன்று. எனினும் கலத்திற்கு உறுதியான கீழெல்லை அதனாற் கிடைக்கும். ஆண்டு இல்லாவிடத்துத் தமிழ் எண்களின் ஆட்சியும், ‘ணை’, ‘லை’, ‘றா’, ‘னா’ முதலிய எழுத்துகளின் பழைய வடிவமும் துணை செய்யும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னரும் கைப்பழக்கத்தால் பழைய வடிவை எழுதினோர் உண்டாதலின், இச்சான்றைத் தனித்து நம்பாது பிறவற்றோடு வைத்தே கொள்ளுதல் வேண்டும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால், கண்ணாடி அகலும் உலோகச் சட்டமும் கொண்டு பரணிலிருந்து பெறப்படும் தட்டு, மாறான சான்று இல்லாதவிடத்து, 19ஆம் நூற்றாண்டையோ 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையோ சார்ந்த சீமைக் கலமாகவே கொள்ளத்தக்கது என்பது பெறப்படும். யவனர் கலம் அன்று என்பதனால் அதன் மதிப்புக் குன்றாது. தொல்பொருள்கள் பற்றிய 1972ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், வரலாற்றுச் சிறப்புடைய பொருள்கட்குப் பொதுவாக நூறாண்டு அகவையை எல்லையாக வைத்துள்ளது. இத்தட்டுகளிற் பல அவ்வெல்லையைக் கடந்தவை.

கலத்திற்குப் பெருங்கேடு செய்வது காலம் அன்று. நாம் செய்யும் துலக்கலே. புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்தால் முலாம் நீங்கும், முத்திரைகள் மழுங்கும், புள்ளியெழுத்துகள் தேயும். பழைய பாத்திரமாக எடைக்குப் போடும்போதோ கண்ணாடி உடைத்தெறியப்பட்டு உலோகம் மட்டுமே தராசில் ஏறும். பொருத்துவாய் அன்றோடு அழியும். ஆதலின் கலத்தைக் கண்டவுடன் துலக்காது, மெல்லிய துணியால் தூசு மட்டும் நீக்கி, நான்கு புறமும் அடியும் நிழற்படம் எடுத்து, அளவு, எடை, அகலின் நிறம், சட்டத்தின் உலோகம், குறிகள், பொருத்துவாய், பொறிப்பு ஆகியவற்றை ஓரேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

அவ்வேட்டில் தவறாது எழுதத்தக்கது இன்னொன்றும் உண்டு. அஃது அவ்வீட்டார் அத்தட்டை எப்பெயரால் அழைத்தனர் என்பது. பெயர் கலத்தின் காலத்திற்குச் சான்றாகாது என்றோம். ஆயினும் சொல்லின் வரலாற்றிற்கு அதுவே சான்று. கலத்தை அது இருக்கும் நிலையிலும், சொல்லை அது வழங்கும் நிலையிலும் தனித்தனியே பதிவு செய்து, அதன் பின்னரே இரண்டையும் பொருத்திக் காணுதல் ஆராய்ச்சியாளர் கடமையாகும்.